துண்டுக்கு அடியில் ஒரு மூத்திரப் பை

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டரம்மா வந்து சொன்னார். எனக்கு நோய் ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

நான் பண்டாரி. கல்யாண வீடுகளில் தேக்சா என்கிற பெரிய அண்டாவை அடுப்பேற்றிப் பிரியாணி ஆக்குவது என் தொழில். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு சலாம் போட்டுவிட்டு அடுப்படிக்கு வந்தவன். இத்தனை வருடம் நெருப்புக்கு முன்னால் நின்று வேர்த்துக் கொட்டியும் தண்ணீர் குடிக்கும் பழக்கம் இல்லை. அதனால் சிறுநீரகத்தில் கல் சேர்ந்து, அது இறங்கி வரும்போது பாதி வழியில் குழாயில் மாட்டிக்கொண்டு என்னைத் தரையில் போட்டு உருட்டியது. வயிற்றை அறுக்க வேண்டியதில்லை, சிறுநீர் வருகிற வழியாகவே கருவியை விட்டு லேசர் ஒளியால் கல்லைப் பொடியாக்கிவிடலாம், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நான் இருந்தது இருபத்தோரு நாள்.

என்னைப் போல ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் நான் செய்த ஒரு காரியத்தைச் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அது என்ன காரியம் என்பது தலைப்பிலேயே இருக்கிறது. ஏன் செய்தேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

நான் பயப்படுகிற ஆள். வீட்டைப் பூட்டிவிட்டுத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்திருக்கிறேன். தம் போட்ட பிறகு மூடியைத் தொடாதே என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு நானே மூன்று தடவை தொடுவேன். அந்த நேரத்தில் எனக்கு இருந்த பெரிய பயம் கல் இல்லை. என் மகள் ஆயிஷாவின் கல்யாணம். வத்தலக்குண்டில் மாப்பிள்ளை பேசி முடித்து, நிக்காஹுக்கு இரண்டு மாதம் இருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் அப்துல் கனி தோல் வியாபாரி. பூர்வீகம் கடற்கரைப் பக்கம். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். நிக்காஹ் முடிந்ததும் பெண்ணின் அத்தாவும் மாப்பிள்ளையின் அத்தாவும் சஹன் என்கிற பெரிய தட்டு ஒன்றில் எதிரெதிராக உட்கார்ந்து, ஒரே சோற்றில் கை வைத்துச் சாப்பிட வேண்டும். அதற்கப்புறம்தான் மற்றவர்களுக்குப் பந்தி. அந்தத் தட்டில் விழுகிற பிரியாணி என் கையால் ஆக்கியதாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். இரண்டுக்கும் கைதான் வேண்டும். அந்தக் கைக்குத்தான் ஆபத்து வந்தது.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது சிறுநீர் வருகிற வழியில் ஒரு மெல்லிய ட்யூப். அதன் மறுமுனை, அளவுக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் பையில் போய் முடிந்தது. ரத்தம் கலந்து வருவதால் நாலைந்து நாள் ட்யூப் இருக்கட்டும் என்றார் டாக்டரம்மா. பை கட்டிலின் பக்கவாட்டில் ஒரு கொக்கியில் தொங்கியது.

"பாய், இந்தப் பை எப்பவும் உங்க இடுப்புக்குக் கீழதான் தொங்கணும். மேல தூக்கினா இறங்கினது திரும்பி உள்ள போயிரும். புரியுதா?" என்று ஸ்டெல்லா சிஸ்டர் சொன்னார். வார்டுக்கே அவர்தான் பொறுப்பு. நான் பெரிதாகத் தலையாட்டினேன். எனக்குப் பயம் வந்தால் காது அடைத்துக்கொள்ளும், தலை மட்டும் தானாக ஆடும்.

பக்கத்துக் கட்டிலில் பொன்னுச்சாமி என்று ஒருவர். குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரி விவசாயி. அவருக்கு வேறு ஆபரேஷன், ஆனால் ட்யூபும் பையும் ஒன்றுதான். மருமகள் நூல் மில்லில் வேலை முடித்து சாயங்காலம்தான் வருவாள். பகலெல்லாம் அவருக்குப் பேச்சுத் துணை நான், மற்ற எல்லாத் துணையும் என் மனைவி ஜமீலா.

"உங்க பிரியாணிக்கு நாங்க ஆடு குடுக்குறோம். எங்க ஊருக்கு நீங்க மழையக் குடுக்கக் கூடாதா பாய்?" என்பார்.

"மழை என் கையிலயா இருக்கு?"

"ஒங்க மூத்திரப் பைய விட எங்க கம்மா காஞ்சு கெடக்கு, அதான் கேட்டேன்."

இந்த ஆளோடு சிரித்தால் ட்யூப் இழுத்து வலிக்கும். சிரிக்காமலும் இருக்க முடியாது.

பை நிறைந்தால் அடியில் உள்ள சின்னக் குழாயைத் திறந்து ஒரு மக்கில் பிடித்து, கழிப்பறையில் ஊற்ற வேண்டும். அந்த வேலைக்கு ஆள் உண்டு. ஆனால் அவர் ஒருவர், கட்டிலோ இருபது. ஜமீலா காத்திருக்கிற பெண் இல்லை. வீட்டிலிருந்து ஒரு நீல மக்கைக் கொண்டு வந்தாள். பொன்னுச்சாமியின் பையை அதில் பிடித்து ஊற்றி, மக்கைத் தண்ணீரில் அலசி, என் பையையும் அதிலேயே பிடித்தாள். "ஒத்தையா கெடக்குற மனுசன், பாவம்" என்பாள். அது புண்ணியம் என்று நானும் நினைத்தேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் சம்மந்தி வருகிறார் என்று ஆயிஷா ஓடி வந்து சொன்னாள். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை, தலையில் தொப்பி என்று வருகிற மனிதர். அவர் முன்னால் நான் சட்டைப் பொத்தான் திறந்து உட்கார்ந்ததில்லை. இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் முக்கால் பை தொங்குகிறது. அதுவும் ரோஸ் கலரில். யோசிக்கவே இல்லை. கொக்கியிலிருந்து பையை எடுத்து, கட்டிலின் மேல் என் விலாவுக்குப் பக்கத்தில் படுக்க வைத்து, பூத்துவாலைத் துண்டைப் போட்டு மூடிவிட்டேன்.

சம்மந்தி ஒரு மணி நேரம் இருந்தார். ஆப்பிள் நறுக்கிக் கொடுத்தார். பந்திக்கு எத்தனை படி அரிசி என்று பேசினார். நான் சீரக சம்பாவைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன், ஒரு கையால் துண்டை அழுத்திப் பிடித்தபடி. பொன்னுச்சாமி ஓரக்கண்ணால் பார்த்தார். சம்மந்தி போன பிறகு, "பாய், பிள்ளைய அணைச்சுக்கிட்டுப் படுத்த மாதிரி இருந்துச்சு" என்றார்.

அதோடு விட்டேனா? அடுத்தடுத்த நாள் மைத்துனர் வந்தார், ஜமாத்தார் வந்தார்கள், எனக்கு மசாலா அரைத்துக் கொடுக்கிற பெண்மணி வந்தார். ஒவ்வொருவருக்கும் பை மேலே ஏறியது, துண்டு மூடியது. நான்காம் நாள் சம்மந்தி மறுபடி வந்தார். அன்றைக்கும்.

அவர் கிளம்பி அரை மணி இருக்கும். மாலை நான்கு மணி வெயில் ஜன்னலில் அடிக்கிறது. எனக்குக் குளிர ஆரம்பித்தது. முதலில் பல், அப்புறம் தோள், அப்புறம் கட்டில். கட்டிலே தடதடவென்று ஆடியது. ஜமீலா மூன்று போர்வை போட்டு, அதற்கு மேல் தானும் சாய்ந்து பிடித்துக்கொண்டாள். "என்னங்க, என்னங்க" என்பதைத் தவிர வேறு பேச்சு அவள் வாயில் வரவில்லை. பொன்னுச்சாமி தன் பையைக் கையில் பிடித்தபடி கட்டிலை விட்டு இறங்கி, வராந்தாவில் நின்று, "ஏலே, யாரு இருக்கா! ஆளு ஒதறுது!" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டு நர்ஸும் ஓடி வந்தார்.

ட்யூபை எடுத்துவிட்டுப் புதிதாகச் சிறுநீர் பிடித்தார்கள், கையிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். இரண்டையும் கல்ச்சர் பார்க்கப் போகிறோம் என்றார்கள். கல்ச்சர் என்றால், நம்மிடமிருந்து எடுத்ததை ஒரு தட்டில் தடவி, கிருமிக்குத் தீனி போட்டு வளர்த்து, என்ன கிருமி என்று பார்ப்பது. வளர்ந்து வந்ததும் ஒவ்வொரு மருந்தாக அதன் பக்கத்தில் வைத்து, எந்த மருந்துக்கு அது சாகிறது என்று பார்ப்பார்கள். மூன்று நாள் ஆகும். நம் செலவில் நம் கிருமிக்கு மூன்று நாள் விருந்து என்று நினைத்துக்கொண்டேன். அதுவரை பொதுவான ஒரு மருந்தை ஏற்றினார்கள். காய்ச்சல் அதைச் சட்டை செய்யவில்லை. தினமும் நான்கு மணிக்கு, ஆபீஸ் விட்ட மாதிரி, சரியாக வந்துவிடும்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா கையில் காகிதத்தோடு வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. காகிதத்தில் மருந்துப் பெயர்கள் மேலிருந்து கீழாக வரிசையாக இருந்தன. பக்கத்தில் ஓர் இங்கிலீஷ் எழுத்து. எல்லாம் ஆர், ஆர், ஆர். அடியில் மட்டும் இரண்டு எஸ். ஆயிஷா எட்டிப் படித்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, ஆர் நல்ல எழுத்து இல்லை என்று புரிந்துகொண்டேன்.

"ஆர்னா இந்த மருந்தக் கிருமி எதிர்த்து நிக்குதுன்னு அர்த்தம். எஸ்னா அடங்கும்" என்றார் டாக்டரம்மா. "இது வெளியில இருந்து நீங்க கொண்டு வந்தது மாதிரித் தெரியல. ஆஸ்பத்திரிக்குள்ள பிடிச்ச கிருமி. அடிக்கடி மருந்து பாக்குற இடத்துல வளர்ற கிருமி, அதனால மருந்துக்குப் பழகிருக்கு."

"மருந்துக்குப் பழகுமா டாக்டர்? குடிகாரன் மாதிரியா?"

"பழகுறதுன்னா சும்மா இல்ல. அதுக்கு ஒரு குறிப்பு கெடைக்குது." அந்த அம்மா என் கட்டில் ஓரத்தில் உட்காரவில்லை, நின்றபடியே விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். "கிருமிக்குள்ள வளையம் மாதிரி ஒரு சின்னத் துணுக்கு இருக்கும். அதுல மரபணு இருக்கும். மரபணுன்னா செய்முறை எழுதி வச்ச மாதிரி. இந்த மரபணு சொல்றது, மருந்தத் துண்டு துண்டா வெட்டுற கத்தரிக்கோல எப்படிச் செய்யிறதுன்னு. ஒரு கிருமி அந்த வளையத்துல இன்னொன்னு செஞ்சு பக்கத்துக் கிருமிக்குக் குடுத்துரும். சொந்த சாதிக் கிருமியா இருக்கணும்னுகூட இல்ல. வேற இனத்துக் கிருமிக்கும் குடுக்கும்."

எனக்கு அந்த நிமிடம் பயத்துக்கு நடுவிலும் ஒரு வெளிச்சம் அடித்தது. "எங்க தொழில்லயும் இது உண்டு டாக்டர். ஒரு கடையில மசாலா அளவு ஒருத்தருக்குத்தான் தெரியும். அங்க வேல பாத்த பண்டாரி சண்ட போட்டுட்டு எதிர்க் கடைக்குப் போவான். ஆறு மாசத்துல எதிர்க் கடைப் பிரியாணியும் அதே ருசியா இருக்கும். அப்புறம் பரோட்டாக் கடைச் சால்னாவுலகூட அந்த ருசி வந்துரும்."

டாக்டரம்மா அப்போதுதான் சிரித்தார். "அதேதான் பாய். இதுல இன்னொன்னு. மருந்து குடுத்தா அளவு தெரியாத கடையெல்லாம் மூடிரும். தெரிஞ்ச கடைக்குத்தான் மொத்தக் கூட்டமும்."

இதைக் கேட்டதும் எனக்கு ஒன்று உறுத்தியது. தொண்டை கட்டினால் மெடிக்கல் கடையில் நானாகவே கேப்சூல் வாங்கி இரண்டு போட்டுவிட்டு, சரியானதும் மிச்சத்தை அலமாரியில் வைக்கிறவன் நான். எத்தனை கடைகளை மூடியிருப்பேனோ.

அன்றைக்கே என்னைத் தனி அறைக்கு மாற்றினார்கள். கதவில் ஒரு மஞ்சள் அட்டை. உள்ளே வருகிற எல்லோரும் மேலங்கி போட்டு, கையுறை மாட்டி, வெளியே போகும்போது கழற்றிவிட்டுக் கை கழுவ வேண்டும். ஜமீலாவுக்கு அந்த அங்கி கணுக்கால் வரை தொங்கியது. "நிக்காஹுக்கு எனக்குத் தச்ச மாதிரி இருக்கு" என்றாள். அவள் சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். எனக்கு அந்த மஞ்சள் அட்டையைப் பார்க்கிறபோதெல்லாம் சஹன் தட்டுதான் ஞாபகம் வந்தது. கதவில் அட்டை மாட்டி ஒதுக்கி வைத்த ஆளின் கையை யார் தட்டில் வைக்க விடுவார்கள்?

நான்கு நாள் கழித்து ஸ்டெல்லா சிஸ்டர் நோட்டோடு வந்தார். பொன்னுச்சாமியின் சிறுநீரையும் சோதித்ததாகச் சொன்னார். அவருக்குக் காய்ச்சல் இல்லை, ஆனால் கிருமி இருக்கிறது. வேறு இனத்துக் கிருமி. இரண்டு கிருமியையும் மதுரைக்கு அனுப்பிப் பார்த்ததில் உள்ளே இருந்த மரபணு ஒன்றே. ஒரே மசாலா அளவு, இரண்டு பண்டாரி.

"ரெண்டு பேருக்கும் நடுவுல எது போய் வந்துச்சுன்னு தெரியணும். மறைக்காமச் சொல்லுங்க."

ஜமீலா மக்கைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே புரிந்துபோனது. "ஒத்தாசைன்னு செஞ்சேன் சிஸ்டர். நானே கொண்டு வந்து ஊத்திட்டேனா?" என்று கண் கலங்கினாள்.

அவள் மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. வெளியே துரத்திவிடுவார்களோ என்ற பயத்தையும் மீறித் துண்டுக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். விலா, பூத்துவாலை, சம்மந்தி, சீரக சம்பா எல்லாம். சிஸ்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எத்தன தடவ?"

"ஆள் வந்த தடவயெல்லாம்."

"எவ்வளவு நேரம்?"

"சம்மந்தி ஒரு மணி நேரம் இருப்பார்."

"பாய், ஒரு மணி நேரம் மூத்திரத்தத் திருப்பி உள்ள ஊத்திக்கிட்டே பிரியாணி பேசுனீங்களா?" முகமூடிக்கு மேல் கண் மட்டும்தான் தெரிந்தது. அது கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு ஜமீலாவின் தோளைத் தொட்டுச் சொன்னார்: "நீங்க அழாதீங்கம்மா. மக்கு வழியாவும் வந்திருக்கலாம், எங்க கை வழியாவும் வந்திருக்கலாம். அவருகிட்ட இருந்து இவருக்கா, இவருகிட்ட இருந்து அவருக்கான்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆள் பத்தாம உங்கள ஊத்த விட்டது எங்க தப்பு."

அடுத்த நாளே அந்த வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் நம்பர் போட்ட தனித்தனி ஜாடி வந்தது. ஆஸ்பத்திரி ஆட்களைத் தவிர யாரும் பையைத் தொடக் கூடாது என்று போர்டும் மாட்டினார்கள். எங்கள் நீல மக்கை சிஸ்டர் தானே எடுத்துப் போனார். அது எங்கே போனது என்று நாங்கள் கேட்கவில்லை.

மருந்து விஷயத்தில், காகிதம் வந்த அன்றைக்கே டாக்டரம்மா யோசித்துச் செய்தார். எஸ் போட்ட இரண்டு மருந்துகளில் ஒன்று சிறுநீரில் போதுமான அளவு சேராது, இன்னொன்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். கல் எடுத்த இடத்தில் அது வேண்டாம் என்று, வேறு இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார். இந்தக் கிருமியின் புதுக் கத்தரிக்கோலால் வெட்ட முடியாத ஒரு மருந்து உண்டாம். ஆனால் கிருமியிடம் வேறு பழைய கத்தரிக்கோல்களும் இருக்கும், அவை அதை வெட்டிவிடும். அதனால் பழைய கத்தரிக்கோல்களின் வாயைக் கட்டுகிற இன்னொரு மருந்தையும் கூடவே ஏற்ற வேண்டும். ஒருவன் கையைப் பிடிக்க, இன்னொருவன் அடிக்க. விலை கேட்டால் மறுபடி குளிர் வரும் என்று ஜமீலா என்னிடம் கடைசிவரை சொல்லவில்லை. காப்பீட்டு அட்டை பாதி தாங்கியது, அவளுடைய வளையல் மீதி தாங்கியது என்பதை அவள் கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவளும் கையை அங்கிக்குள் மறைத்துத்தான் வைத்திருந்தாள். எங்கள் குடும்பமே மறைக்கிற குடும்பம்.

அந்த மருந்து ஏற்றிய மூன்றாம் நாள் நான்கு மணிக்குக் காய்ச்சலுக்காகக் காத்திருந்தேன். நாலரை ஆனது. ஐந்து ஆனது. வரவில்லை. ஐந்தரைக்கு எனக்குப் பசித்தது. ஜமீலா பூண்டு வெந்தயம் போட்டுக் கொண்டு வந்த கஞ்சியைக் குடித்துவிட்டு, "உப்பு கூடிப்போச்சு" என்றேன். அவள் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டாள். குறை சொல்கிற அளவுக்குப் புருஷன் தேறிவிட்டான் என்பதில் அத்தனை சந்தோஷம்.

பொன்னுச்சாமியை அடுத்த அறையில் தனியாக வைத்திருந்தார்கள். காய்ச்சல் இல்லாததால் அவருக்கு மருந்தே கொடுக்கவில்லை. "எனக்கு மட்டும் ஒண்ணும் ஏத்தலயே, கிருமின்னாக்கூட வசதி பாத்துத்தானா?" என்று அவர் வராந்தாவில் சத்தம் போட, "உங்க கிருமி தூங்குது, எதுக்கு எழுப்பணும்?" என்று சிஸ்டர் பதில் சொல்வது எனக்குக் கேட்டது. தேவையில்லாமல் மருந்து கொடுத்தால் அந்தக் கிருமி இன்னும் தேர்ந்துவிடுமாம். சாயங்காலம் அவர் சுவரில் மூன்று தட்டுத் தட்டுவார். நான் மூன்று தட்டுவேன். அம்புட்டுத்தான் பேச்சு, ஆனால் அது வராவிட்டால் எனக்குக் கவலை வந்துவிடும்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தைய நாள்வரை நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. பதில் வேறு மாதிரி வந்துவிட்டால்? கடைசியில் ஆயிஷாதான் கேட்டாள்.

"டாக்டர், எங்க அத்தா பண்டாரி. என் கல்யாணத்துக்கு அவருதான் சமைக்கணும். சமைக்கலாமா? என் மாமனாரோட ஒரே தட்டுல சாப்பிடணும். சாப்பிடலாமா?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

"நோய் போயிருச்சு. ஆனா குடல்ல அந்தக் கிருமி சும்மா தங்கி இருக்கலாம். மாசக் கணக்குலகூட இருக்கும். நல்லா இருக்கிறவங்கள அது பெரும்பாலும் ஒண்ணும் செய்யாது. அது வெளிய வர்ற வழி கழிப்பறை, ஏறி வர்ற வண்டி கை. அதனால கழிப்பறை போய் வந்தா, சமைக்கும் முன்னால, சாப்பிடும் முன்னால, சோப்புப் போட்டு விரலிடுக்கு, நகக்கண், கட்டை விரல் எல்லாம் தேய்ச்சுக் கழுவணும். அப்படிக் கழுவினா சமைக்கலாம், தாராளமா ஒரே தட்டுலயும் சாப்பிடலாம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் எனக்கு இந்தக் கிருமி இருந்துச்சுன்னு முதல்லயே சொல்லணும். நீங்களா மருந்து வாங்கிப் போடக் கூடாது."

"உப்புப் பாக்குறது?" என்றேன் சுவரைப் பார்த்தபடி. நாங்கள் கரண்டியிலிருந்து ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு நக்கித்தான் உப்புப் பார்ப்போம். நக்கின கையை அப்படியே வேட்டியில் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்வோம்.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "அது கிருமி இல்லாட்டியும் வேண்டாம் பாய். ஸ்பூன்."

வீட்டுக்கு வந்து நான் கை கழுவியதில் சோப்புக் கடைக்காரர் எனக்குத் தனியாக சலாம் சொல்ல ஆரம்பித்தார். "கை ரேகையெல்லாம் அழிஞ்சு போயிறப் போகுது, ரேஷன் கடையில விரல் வைக்க வேணாமா?" என்று ஜமீலா கத்துவாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒன்றைத் தவிர. சம்மந்தியிடம் "காய்ச்சல்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தோம். தனி அறையில் இருந்த நாட்களில் அவரை வரவேண்டாம் என்று ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிவிட்டோம். டாக்டரம்மா சாப்பிடலாம் என்று சொல்லியாகிவிட்டது, இனி எதற்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு மனசு. சொன்னால் கல்யாணப் பேச்சே என்ன ஆகுமோ என்று இன்னொரு மனசு. இரண்டும் சேர்ந்து என் வாயைக் கட்டின.

நிக்காஹ் அன்று வத்தலக்குண்டு மண்டபத்தின் பின்பக்கம் விடிந்ததிலிருந்து அடுப்படியில் நின்றேன். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் எனக்குக் குடிக்க, ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் கைக்கு, ஒரு டம்ளர் நிறைய ஸ்பூன் உப்புக்கு. ஒரு தடவை வாயில் வைத்த ஸ்பூன் மறுபடி தேக்சா பக்கம் வராது. என்னோடு வேலை செய்கிறவர்கள், "பண்டாரி பாய் ஐஸ்கிரீம் திங்கிற மாதிரி உப்புப் பாக்குறாரு" என்று சிரித்தார்கள். பத்து மணிக்குப் பொன்னுச்சாமி ஒரு சாக்கு முருங்கைக்காயோடு வந்து இறங்கினார். "பிரியாணிக்கு முருங்கக்கா போடுறது இல்லியா? செரி, நாளைக்குச் சாம்பாருக்கு வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு, யாரும் சொல்லாமலே போய்க் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

நிக்காஹ் முடிந்தது. ஜமீலா புதுப் புடவையில், வெறுங்கையோடு, சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். சஹன் தட்டை வைத்தார்கள். சம்மந்தி என் தோளில் கை போட்டுக் கூப்பிட்டார். கை கழுவும் குழாயடிக்கு இருவரும் போனோம். அவர் விரல் நுனியை நனைத்துவிட்டுத் திரும்பினார். நான் சோப்பை எடுத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். தேய்க்கத் தேய்க்க அந்தப் பூத்துவாலையை மறுபடி என் கையாலேயே இழுத்துப் போர்த்துகிற மாதிரி இருந்தது. போன தடவை இவரிடம் மறைத்ததுதானே இத்தனைக்கும் காரணம்.

"சம்மந்தி, செத்த நேரம் நில்லுங்க. ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். எல்லாவற்றையும். கிருமி, மஞ்சள் அட்டை, குடலில் இன்னும் இருக்கலாம் என்பது, டாக்டரம்மா சொன்ன பதில், பை, துண்டு. குழாயை மூட மறந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் கை நீட்டிக் குழாயை மூடினார். உள்ளே ஆட்கள் காத்திருந்தார்கள். எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

"துண்டு போட்டு மூடுனீங்க சரி. ட்யூப் வெளிய தொங்குச்சே, சம்மந்தி" என்றார்.

"பாத்தீங்களா?"

"மொத நாளே பாத்தேன். போன வருசம் எனக்கும் மாட்டி விட்டிருந்தாங்க. நான் தலையணைக்கு அடியில வச்சேன்." சிரிக்காமலே சொன்னார். "நீங்க வெக்கப்படக் கூடாதுன்னுதான் அன்னிக்கு நானும் பாக்காத மாதிரி அரிசியப் பத்திப் பேசுனேன். பேசியிருந்தா உங்களுக்குக் காய்ச்ச வந்திருக்காதோ என்னவோ."

பிறகு சட்டைக் கையை முழங்கை வரை மடித்தார். "சோப்ப இங்க தள்ளுங்க. கட்ட விரல எப்படித் தேய்க்கணும்? காட்டுங்க."

காட்டினேன். இரண்டு கிழட்டு ஆண்கள் குழாயடியில் நின்று விரலிடுக்கெல்லாம் தேய்த்துக்கொண்டிருந்ததை மண்டபமே வேடிக்கை பார்த்தது.

சஹனில் எதிரெதிராக உட்கார்ந்தோம். பிஸ்மில்லாஹ் சொல்லிக் கை வைத்தேன். சம்மந்தி ஒரு வாய் எடுத்து மென்றார். யோசித்தார். இன்னொரு வாய் எடுத்தார்.

"உப்பு கொஞ்சம் கம்மி சம்மந்தி."

"ஸ்பூன்ல பாத்தேன்" என்றேன்.

"பரவால்ல, பழகிரும்" என்று சொல்லி, தன் பக்கம் கிடந்த பெரிய நல்லி எலும்பைக் கையால் என் பக்கம் தள்ளிவைத்தார்.